பெரியப்பாவோடு முடிந்துபோன அற்றோனி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் பெரியப்பாவுக்கு ஒரு பிளாட் இருந்தது. அவர் லண்டனில். 14 வருடமாக அதைப் பார்த்துக்கொண்டது அப்பாதான். வாடகைக்கு ஆள் பிடிப்பது, சோலைவரி கட்டுவது, தண்ணீர் மோட்டர் பழுதானால் ஆள் கூட்டிவந்து பக்கத்தில் நின்று திருத்துவிப்பது என்று எல்லாம் அவர் தலையில். அதற்கு அவரிடம் இருந்த அதிகாரம் பெரியப்பா எழுதிக் கொடுத்த அற்றோனி, அதாவது தனக்குப் பதிலாக அப்பா செயல்படலாம் என்ற அதிகாரப் பத்திரம். லண்டனில் நம் உயர்ஸ்தானிகராலயத்தில் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, இங்கே பதிவும் செய்த பத்திரம். அப்பா அதை மண்ணிற ஃபைல் ஒன்றில், பொலித்தீன் உறைக்குள் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பார். நாங்கள் தொட்டால் ஏசுவார்.

2019 இல் பெரியப்பா காலமானார். அதற்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. வாடகை வந்தது, அப்பா பெரியம்மாவின் கணக்கில் போட்டார், இரண்டு தடவை புது ஆட்களுக்கு வாடகை ஒப்பந்தமும் எழுதினார். போன வருடம் பெரியம்மா விற்கச் சொன்னபோதுதான் பூதம் கிளம்பியது. வாங்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள், 5 லட்சம் அட்வான்ஸும் தந்துவிட்டார்கள். அவர்களுடைய நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணி, 30 வருடத் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, உறுதிப் பத்திரம் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, அற்றோனியைக் கையில் எடுத்துக் கேட்டார்: "ஐயா, இதை எழுதித் தந்தவர் இப்ப இருக்கிறாரா?"

அப்பா உண்மையைத்தான் சொன்னார். நொத்தாரிசு பத்திரத்தை மடித்து அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அற்றோனியும் அந்த நிமிடமே செத்துவிடும். யாரும் ரத்துச் செய்யத் தேவையில்லை. பதிவிலே அது இருக்கிறது என்பதற்காக உயிர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. "ரத்துச் செய்யும் வரை செல்லும்" என்றுதான் அப்பா நினைத்திருந்தார், நானும் அப்படித்தான். பெரியப்பா கண்ணை மூடிய அன்றே அந்த வீடு அவருடைய உரித்தாளர்களுக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு அதில் கையெழுத்து வைக்க எந்த உரிமையும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அப்பா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஒரு சதம் எடுக்காத மனிதர், தன்னைக் கள்ளன் போல ஆக்கிவிட்டார்களே என்று ஒரே கவலை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அப்படித்தான் பட்டது.

அந்த இரண்டு வாடகை ஒப்பந்தங்களும்கூட பிழைதான், அதுவும் இரண்டு விதத்தில். கையெழுத்து வைக்க அப்பாவுக்கு அதிகாரம் இல்லை என்பது ஒன்று. மற்றது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தில் செல்லும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கொழும்பில் எத்தனை பேர் கடையில் வாங்கிய படிவத்தில் பெயரை நிரப்பி, முத்திரை ஒட்டி, ஒரு வருட ஒப்பந்தம் என்று வைத்திருக்கிறோம்! சின்னக் கடை நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்து ராக்கை அடித்து, ஏசி பூட்டிவிட்டு, கையில் இருக்கும் கடதாசி மாதாமாத வாடகைக்கு மேல் எதையும் தராது என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வது?

சரி, இப்போது எங்கள் விஷயம் புதுக்கடையில், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. பெரியப்பா மரணசாசனம் (உயில்) எழுதவில்லை. அதனால் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகக் கடிதம் கேட்டுப் பெரியம்மா வழக்குப் போட்டிருக்கிறார், பத்திரிகையில் அறிவித்தலும் வந்தது. லோயர் முதலில் கேட்டது, யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமா என்று. அப்பப்பா காலத்திலேயே யாழ்ப்பாணத்தை விட்டு கொழும்புக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் என்பதால், பழைய பிறப்புச் சான்றிதழ்கள், விலாசங்கள் எல்லாம் கிளறிப் பார்த்துவிட்டு, பொதுச் சட்டம்தான் என்றார். அதன்படி பாதி பெரியம்மாவுக்கு, மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒன்று. ஒருவர் லண்டன், ஒருவர் டொரோண்டோ, ஒருவர் மெல்பேர்ன். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆவணம் அனுப்ப வேண்டும். வாங்க வந்தவர்கள் காத்திருக்க முடியாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், அட்வான்ஸை அப்பா முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்.

அதைவிட வேதனையான ஒன்று. தன் மகள், எங்கள் சின்ன அக்காவுக்குத்தான் இந்த பிளாட் என்று பெரியப்பா ஒவ்வொரு வருகையிலும் சொல்வார், நாங்கள் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறோம். மற்ற இரண்டு பேரும்கூட மறுக்கவில்லை. ஆனால் காணி, வீடு வாய்ச்சொல்லில் மாறாது. உயிரோடு இருக்கும்போது நன்கொடை உறுதி எழுதி, தன் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். அல்லது மரணசாசனம் எழுதியிருக்கலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இப்போது அக்காவுக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றால் மற்ற எல்லோரும் தங்கள் பங்கை அவர் பெயருக்கு முறையாக எழுத வேண்டும். அதற்கு இன்னும் செலவு, இன்னும் காலம்.

வெளிநாட்டு உறவுகளின் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் இந்த ஊரில் ஏராளம். உங்கள் கையில் ஓர் அற்றோனி இருந்தால், எழுதியவர் இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள், இந்தச் சொத்தை யாருக்கு விடப் போகிறீர்கள், அதை எழுதிவிட்டீர்களா என்று. கேட்க நாக்கு எழாதுதான். அப்பாவும் அதனால்தான் கேட்காமல் விட்டார்.

போன மாதம் அப்பாவும் அம்மாவும் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் தங்கள் மரணசாசனத்தை எழுதினார்கள். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு அங்கிள் தொலைபேசி அடித்ததும் எழுந்து வெளியே போகப் பார்த்தார். நொத்தாரிசு பேனையைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்கோ, எல்லாரும் கையெழுத்து வைச்சு முடியும் வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது" என்றார். அங்கிள் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து வைத்த பிறகுதான் அவர் வைத்தார்.