பாட்டி வேடத்துக்கு ஆள் தேடிய கதை

என் நாடகப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிய நான்காம் நாள் இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. ‘தோழர், நல்லா இருக்கு. ஆனா 9 பாத்திரம். என்னிடம் இருப்பது 5 பேர்.’ ஒவ்வொரு பாத்திரமும் ஏன் தேவை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். ‘நடத்துநருக்கு 2 வசனம். அதற்காக ஒருத்தர் ஆறு வாரம் ஒத்திகைக்கு வருவாரா?’ என்று கேட்டிருந்தார்.

வரமாட்டார்தான். எங்கள் மாதிரிக் குழுக்களில் சம்பளம் கிடையாது. வேலை முடித்து ஏழு மணிக்கு மேல் பசியோடு வருகிறவர்கள். கடைசியில் நடத்துநர், தரகர், வக்கீல் மூவரும் ஒரே ஆளானார்கள். தோல்பை, துண்டு, கறுப்புக் கோட்டு, அவ்வளவுதான். தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ஒருவனே எத்தனை பேராக மாறுகிறான்! எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பாட்டி விஷயத்தில்தான் முட்டிக்கொண்டோம். 28 வயதுப் பெண்ணுக்குத் தலையில் பவுடர் பூசிச் சமாளிக்கலாம் என்றார். ‘தரையிலிருந்து எழும்போது கை தானாக ஊன்ற வேண்டும், அதைப் பவுடர் செய்யாது’ என்று எழுதினேன். வயதான பெண்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் எப்படி வீடு திரும்புவார்கள் என்று அவர் கேட்டதும் நியாயம். மூன்று வாரம் இதே பேச்சு. அப்புறம் பாட்டி வரும் காட்சிகளை மட்டும் ஞாயிறு காலைக்கு மாற்றினோம். தெரிந்தவர் மூலம், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கிடைத்தார். பிரதியைப் பென்சிலோடு படித்தார். நான் மிகவும் ரசித்து எழுதிய அரைப் பக்க வசனத்தின் ஓரத்தில், ‘தம்பி, இதையெல்லாம் நாங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்’ என்று எழுதியிருந்தார். ஒருநாள் கோபமாக இருந்தது. மறுநாள் வெட்டிவிட்டேன்.

நடுவில் அரங்கு தேடும் பாடு வேறு. ஓர் அரங்கில் போலீஸ் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். பிரதியைப் போலீசிடம் காட்டி முன்அனுமதி வாங்கச் சொன்ன 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை, பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே ரத்து செய்துவிட்டது. தீர்ப்பு நகலை இணைத்து அனுப்பினேன். பதிலே இல்லை. சரி என்று வேறு இடம் பார்த்தோம். சின்ன அரங்கு, 120 நாற்காலி.

முதல் காட்சிக்கு முந்தைய இரவு இயக்குநரிடமிருந்து வாட்ஸ்அப்: ‘அம்மா எழும்போது முழங்கால் சொடக்குச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்குது. மைக் வேண்டாம்.’