மெஷினுக்கு ஜீயஸ் என்று பேர் வைக்காதீர்கள்

1987. நியூஜெர்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் யூனிக்ஸ் மெஷினை, அதாவது யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டரை, கட்டி மேய்க்கும் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் அதற்கு ஜீயஸ் என்று கிரேக்கச் சாமி பேரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

யூனிக்ஸ் மெஷின்கள் போன் வழியாக ஒன்றுக்கொன்று கடிதம் கடத்திக்கொண்ட முறைக்கு யூயூசிபி என்று பேர். அந்த மெயில் எப்படிப் போகும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ராத்திரி மோடம் டயல் செய்து, மூட்டையைப் பக்கத்து மெஷினிடம் தள்ளிவிடும். அது அடுத்ததிடம் தள்ளும். நடுவில் வரும் மெஷின்களின் பேரை ஆச்சரியக்குறி போட்டு வரிசையாகக் கோத்தால் அதுதான் முகவரி. பேரைப் பதியச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊரில் நாலு முருகேசன் இருந்தாலும் 'அரிசிக்கடைக்கு எதிர்வீட்டு முருகேசன்' என்றால் கடிதம் போய்ச் சேரும் இல்லையா, அப்படித்தான் வண்டி ஓடியது.

வில்லங்கம் வரைபடத்தோடு வந்தது. எந்த மெஷின் எதோடு பேசும் என்ற பட்டியலை யூயூசிபி மேப்பிங் திட்டத்துத் தன்னார்வலர்கள் மாதாமாதம் யூஸ்நெட் என்ற பொது விவாதப் பலகையில் விட்டார்கள். பாத்ஏலியாஸ் என்ற புரோகிராம் அதைப் படித்து, செலவு குறைந்த வழியைச் சொல்லும். அருமையான புரோகிராம். ஆனால் ஒரே பேரை இரண்டு இடத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும். மேற்குக் கரையில் ஒரு ஜீயஸ் முறையாகப் பதிந்திருந்தது. நாங்கள் பதியவே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரிய மெஷின்காரர் தன் பதிவில் எங்கள் இணைப்பையும் எழுதிவிட்டார். அப்புறம் என்ன, கிழக்கே யார் அந்த ஜீயஸுக்கு மெயில் போட்டாலும் எங்கள் தலையில் விழுந்தது. மேற்கே இருந்து எங்களுக்கு வருவது அங்கே போய் நின்றது. கண்டவர்களின் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற போன் செலவு எங்களுடையது.

'வழியை முழுசாக எழுதுங்கள்' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்தேன். வீண். நடுவில் சில மெஷின்கள் அதிமேதாவிகள்: நாம் எழுதிய வழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசி மெஷினின் பேரை மட்டும் பார்த்துத் தாங்களே புது வழி போடும்.

வரைபட ஒருங்கிணைப்பாளருக்கு, மெயிலைக் கவனிப்பவருக்கான பொதுப் பேரான போஸ்ட்மாஸ்டர் என்ற பேரில் எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

இதற்கு அந்தப் பட்டியலில் 'பிரைவேட்' என்று ஒரு அறிவிப்பு இருந்தது. 'நான் சொல்லும் ஜீயஸ் வேறு' என்று பக்கத்து மெஷின்காரர் தன் பதிவில் எழுத வேண்டும். போன் செய்தேன். "உங்க பேர், உங்க பிரச்சினை" என்றார். மூன்றாவது தடவை இறங்கி வந்து, அந்த வரியைக் கோப்பின் அடியில் போட்டார். அது எழுதிய இடத்திலிருந்து கோப்பு முடியும் வரைதான் செல்லும்; எங்கள் இணைப்போ மேலே இருந்தது. ஒரு மாதம் போச்சு. மேலே ஏற்றிய பிறகு தப்புக் கடிதங்கள் குறைந்தன. ஆனால் பிரைவேட் மெஷினுக்கு பாத்ஏலியாஸ் வழி எழுதித் தராது. ஆக, ஊரில் நாங்களே இல்லை.

சரி, பேரை மாற்றுவோம் என்று இறங்கினேன். தேர்ந்தெடுத்தது 8 எழுத்துப் பேர். வரைபடத்தில் தேடினேன், இல்லை. சந்தோஷம் இரண்டு நாள்தான். பழைய யூயூசிபி 7 எழுத்துக்கு மேல் பார்க்காது. முதல் 7 எழுத்து வேறொருவருடையது. முதல் 7 எழுத்தை மட்டும் வைத்துத் தேடியிருக்க வேண்டும். சாமி, கிரகம் எதுவும் வேண்டாம். கம்பெனிப் பேரின் மூன்றெழுத்தோடு மாநிலச் சுருக்கத்தை ஒட்டினேன். அசிங்கமான பேர், ஆனால் எங்களுக்கு மட்டுமே உரியது. படிவத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேரை மாற்றியது அடுத்த மடத்தனம். பக்கத்து மெஷின்களில் ஒன்று தன் அனுமதிக் கோப்பைத் திருத்தவில்லை. தெரியாத பேர் என்று எங்கள் அழைப்பை இரண்டு நாள் நிராகரித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் பக்கம் பழைய பேரில் வரிசையில் நின்ற கடிதங்களும் கிளம்பவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. கொஞ்ச நாளைக்குப் பழைய பேர், புதுப் பேர் இரண்டையும் அவர்களை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் மெஷினில் கை வையுங்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு மேற்குக் கரை ஜீயஸ்காரர், 'இதெல்லாம் உங்களுடையது போல' என்று ஒரு கட்டு அனுப்பினார். நல்ல மனிதர். அதில் ஒருங்கிணைப்பாளரின் பதிலும் இருந்தது. நான் எழுதிய இரண்டாம் நாளே போட்டிருக்கிறார். போஸ்ட்மாஸ்டர் எல்லா மெஷினிலும் உண்டே, அதனால் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டது. 'பிரைவேட் வரியை இணைப்புக்கு மேலே போடச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: 'அடுத்த முறை போன் நம்பரையும் எழுதுங்கள், மெயில் உங்களுக்கு வந்து சேருமா என்று சந்தேகமாக இருக்கிறது.'