4 ஜிபி சர்வரில் மெமரிக் கணக்கு: போஸ்ட்கிரெஸ் எவ்வளவு எடுக்கிறது?

டெபியன் 12, 4 ஜிபி ராம், போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், அதன் இணைப்புகள் எல்லாம் பகிரும் மெமரியான ஷேர்டு பஃபர்ஸ் 1 ஜிபி. காசு கொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டாம். கெர்னலே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது.

'ஃப்ரீ' கமாண்டில் பார்க்க வேண்டியது அவைலபிள் நெடுவரிசை. சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுவிடும். ஆனால் கேஷ் என்று காட்டுவதெல்லாம் விடுபடாது. போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபரும், ராமில் கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸும் அதே கணக்கில்தான் ஏறும்.

அடுத்து, எந்த ப்ராசஸ் எவ்வளவு? இங்கேதான் பலரும் சறுக்குவது. 'பிஎஸ்' கமாண்ட் காட்டும் ஆர்எஸ்எஸ்ஸை (பகிர்ந்ததும் சேர்த்து ஒரு ப்ராசஸ் ராமில் வைத்திருக்கும் அளவு) கூட்டினால் அபத்தமான எண் வரும். 30 இணைப்புகள், தனித்தனி ப்ராசஸ்களாக, ஒவ்வொன்றும் பஃபரில் 800 எம்பியைத் தொட்டிருந்தால் மொத்தம் 24 ஜிபி! ஒரே மெமரிப் பக்கத்தை 30 தடவை எண்ணியதன் விளைவு. பிஎஸ்எஸ்தான் சரியான அளவு: பகிர்ந்த பக்கத்தைப் பகிர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்கும். கெர்னல் 4.14 முதல், ப்ராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்குள்ளும் ஸ்மாப்ஸ்_ரோலப் கோப்பு உண்டு, பிஎஸ்எஸ் மொத்தம் அதில் இருக்கும். ரூட்டாக இருந்து, வரிவரியாகப் படித்துக் கணக்கிடும் 'ஆக்' கமாண்டில் கூட்டலாம். கூட்டும்போது 'பிஎஸ்எஸ்' என்று மட்டும் தேடினால் பிஎஸ்எஸ்_அனான், பிஎஸ்எஸ்_ஷ்மெம், ஸ்வாப்பிஎஸ்எஸ் வரிகளும் சேர்ந்து தொகை எகிறும். தேடும் சொல்லுக்கு முன் வரித் தொடக்கக் குறியும் (^) முடிவில் முக்காற்புள்ளியும் (:) கட்டாயம். ஹியூஜ் பேஜஸ் (பெரிய அளவு மெமரிப் பக்கங்கள்) போட்ட சர்வரில் அந்தப் பகுதி பிஎஸ்எஸ்ஸில் வரவே வராது, தனியாகப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்ய, குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் கிரான் போதும். மெம்அவைலபிளை (மேலே சொன்ன அவைலபிள் அளவு) நிமிடத்துக்கு ஒரு முறை எழுதலாம். பிஎஸ்எஸ்ஸுக்கு 15 நிமிட இடைவெளி விடுவது நல்லது. பக்க அட்டவணை முழுவதையும் கெர்னல் நடந்து பார்க்கிறது, பெரிய ப்ராசஸில் அது சும்மா வேலையில்லை. கிரான்டேப் வரியிலேயே தேதி வடிவம் எழுதினால் சதவீதக் குறியைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு கமாண்ட் பாதியில் அறுந்துவிடும். ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பாக்கினால் தொல்லை இல்லை.

ஸ்வாப்பில் (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) எவ்வளவு கிடக்கிறது என்பதைவிட, ஓட்டம் இருக்கிறதா என்பதே முக்கியம். 'விஎம்ஸ்டாட் 5' கொடுத்து எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு), எஸ்ஓ (ராமிலிருந்து ஸ்வாப்புக்கு) இரண்டையும் பார்க்கவும். முதல் வரி பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி, அதைத் தள்ளிவிடலாம். இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் நின்றால் இணைப்பு எண்ணிக்கையையோ ஒர்க்_மெம்மையோ (வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கு போஸ்ட்கிரெஸ் எடுக்கும் மெமரி வரம்பு) குறைக்க வேண்டும்.