நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு

"கம்பு இருக்கட்டும்மா, முதல்ல கால் நிக்கணும்" என்றார் சிலம்ப ஆசான், என் மகளிடம்.

தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து இருபது நாள். பார்த்ததில் இது மூன்றாவது வகுப்பு. முதல் இடத்தில் பேச்சே பெல்ட் தேர்வுக் கட்டணத்தில்தான் தொடங்கியது.

இங்கே மண் தரை. புதுப் பையன் ஒருவனை நிற்கவைத்து, பக்கத்தில் கம்பை ஊன்றி, அவன் நெற்றி உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அவரவர் உயரத்துக்கு அவரவர் கம்பு. அப்புறம் அரைமணி நேரம் வெறும் காலடி வரிசைதான். தடுமாறியவனைப் பார்த்து ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

குத்துச்சண்டைக்குப் பேர்போன வடசென்னையில் சிலம்பத்துக்கு இத்தனை பிள்ளைகளா! 2024 ஜனவரியில் கேலோ இந்தியா தேசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றபோது அவ்வளவு பெருமைப்பட்டேன். இன்று அதைவிட நிறைவு.

சேர்த்துவிட்டேன். மகள் இப்போது சமையலறையில் காலடி வைத்துக்கொண்டிருக்கிறாள்.