உயிர் இருந்ததா?

கடலடிப் பவளங்களைக் கணக்கெடுத்துவிட்டுப் படகில் ஏறி முகக்கண்ணாடியைக் கழற்றிய கையோடு, எங்கள் ஆய்வை நடத்திய மேடம் என் எழுதுபலகையை வாங்கிப் பார்த்தார். பதின்மூன்றாவது மீட்டருக்கு நேரே விரலை வைத்து, “இதில் உயிர் இருந்ததா? கிட்டப் போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். “இருந்தது, மேடம்” என்றேன். 2016 மே மாதத்தில், தூத்துக்குடி வான் தீவுக்கு அருகே சொன்ன அந்தப் பதில் இன்னமும் என்னைவிட்டுப் போகவில்லை.

இருபது மீட்டர் நாடாவை விரித்து, அதன் அடியில் வரும் ஒவ்வொன்றையும் சென்டிமீட்டர் கணக்கில் எழுதுவதுதான் என் வேலை. அந்த மான்கொம்புப் பவளம் நாடாவின் கீழே 62 சென்டிமீட்டர் நீண்டு கிடந்தது. அதாவது அந்தக் கோட்டில் 3.1 விழுக்காடு. அது முழு வெள்ளையாக இருந்தது. கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது, பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிட, தசை கண்ணாடிபோலாகி உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெளியே தெரிகிறது. அப்போதும் அதற்கு உயிர் உண்டு; நீர் குளிர்ந்தால் நிறமும் திரும்பலாம். ஆனால் செத்த பவளமும், பாசி படரும்வரை சில நாட்கள் அதே வெள்ளையில்தான் இருக்கும். ஒரு சாண் நெருங்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: உயிருள்ளதில் மெல்லிய சவ்வும் உள்ளிழுத்த உணர்கொம்புகளும் இருக்கும், செத்ததில் பவள உயிரிகள் இருந்த கிண்ணக்குழிகளின் விளிம்பு வெறும் கல்லாகக் கூர்மையாக நிற்கும். நான் ஒரு கை நீளத்துக்கு அப்பாலிருந்து பார்த்து, ‘வெளிறியது’ என்று எழுதினேன்.

காரணங்கள் இல்லாமல் இல்லை. கச்சான் காற்று எழுந்து நீர் கலங்கிவிட்டது, நாடா ஆடிக்கொண்டிருந்தது, காற்று தீர்ந்துகொண்டிருப்பதாகவும் நினைத்தேன். ஆயினும் அதே கோட்டில் ஒன்பதாவது மீட்டரில் இருந்த மூளைப் பவளத்துக்கு நான் குனிந்துதான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கிடைத்த நேரம் இதற்கு ஏன் கிடைக்கவில்லை? அன்று காலையிலிருந்து ‘இறந்தது’ என்று எழுதி எழுதி, இதாவது பிழைத்திருக்கட்டும் என்று என் கை விரும்பியதோ என்று சந்தேகப்படுகிறேன்.

படகோட்டி அண்ணன், கடலிலிருந்து முருகைக்கல் என்னும் பவளக்கல் எடுப்பது நின்ற பிறகு ஆய்வுப் படகுக்கு வந்தவர். கரைக்குத் திரும்பும் வழியில் அவராகவே சொன்னார்: “வெளுத்ததெல்லாம் செத்ததில்ல தம்பி. உசுருள்ள கல்லு கையில வழவழன்னு இருக்கும்.” எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். தொட்டுப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், தொடும் தூரத்துக்குக்கூட நான் போகவில்லை என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே கோட்டுக்குப் போனபோது, அந்தப் பவளத்தின் கிளைகளைக் கரும்பச்சைப் பாசி மூடியிருந்தது. அது மே மாதத்தில் நான் பார்த்ததற்கு முன்பே செத்திருந்ததா, பின்னர் செத்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அட்டவணையிலோ அது ‘மே: வெளிறியது, ஜூலை: இறந்தது’ என்று ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. வெப்பத்தை ஒரு பவளம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிடுபவர் அந்த வரியையும் நம்புவார். ஒரு கூட்டம் பவளத்தால் மன்னார் வளைகுடாவின் கணக்கு மாறிவிடாது என்பது உண்மை. என் பதிலே சரியாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் மேடம் கேட்டது அதையல்ல. நான் பார்த்தேனா என்றுதான் கேட்டார்.

“சரியாகப் பார்க்கவில்லை, மேடம்” என்று சொல்லியிருந்தால் திரும்ப இறங்கச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். நங்கூரம் இன்னும் எடுக்கப்படவில்லை. சிலிண்டரில் 90 பார் அழுத்தத்துக்குக் காற்று மீதி இருந்தது; திரும்ப இறங்க அது போதும். அந்த 90-ஐயும் அதே பலகையின் ஓரத்தில் நானேதான் எழுதியிருக்கிறேன்.