வண்டிக்கு நரை விழுந்த கதை

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்றைக்கு ஆரம்பம். காலை பத்து மணிக்கே காம்பவுண்டு கேட்டைத் தொட முடியவில்லை. பால் ஊற்ற வந்த அண்ணாச்சி கேனை இறக்கி வைத்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன டீச்சர், வண்டிக்கு நரை விழுந்திட்டே?"

சிரித்தேன். அவர் போனபிறகு போய் நின்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை. 2013 மாடல், நான்கு வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கியது. பெயின்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயின்ட் அடிக்காத கருப்புப் பிளாஸ்டிக் எல்லாம் போச்சு. பம்பரின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே வளைந்து வருகிற பட்டை, கதவின் கீழ்ப்பட்டை, வைப்பருக்கு அடியில் இருக்கிற தட்டு, எல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம்.

வண்டி எப்போதும் வடக்கே பார்த்து நிற்கும். இடது பக்கம் மேற்கு, மத்தியானத்திலிருந்து முழு வெயில். வலது பக்கத்துக்குப் பக்கத்து வீட்டு மாடி நிழல். அதனால் இடது பக்கம் பார்த்தால் கிழவி, வலது பக்கம் பார்த்தால் நடுவயசு. இத்தனை வருஷ வெயில் எந்தப் பக்கமாக அடித்தது என்பதை வண்டியே எழுதி வைத்திருக்கிறது.

லீவு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. பார்த்துவிடலாம்.

மே 6, செவ்வாய்

காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் உப்பளக் காற்று சும்மா விடாது. வண்டியைக் கழுவி இரண்டே நாளில் கை வைத்தால் பிசுபிசுப்பு. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் அந்த உப்பும் மண்ணும் குழிகுழியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஷாம்பு தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷை முக்கி, ஒரு சாண் ஒரு சாணாகத் தேய்த்தேன். முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு சாம்பல் தண்ணீர். கடைசியில் வெள்ளைத் துணியால் துடைத்தால் மை தொட்ட மாதிரி கருப்பு. மண் போன பிறகும் கருப்பு வருகிறது என்றால் வருவது அழுக்கு இல்லை. பிளாஸ்டிக்கின் மேல்தோலே பொடியாகி உதிர்கிறது.

ஈரம் இருக்கும்வரை வண்டி புதுசு மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன், மறுபடி சாம்பல்.

ஆனால் பின்பக்க பம்பரில் சில இடங்கள் ஈரத்திலும் வெள்ளையாகவே நின்றன. அது வேறு வியாதி. பெயின்டுக்கு மெழுகு பாலிஷ் போடும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்கில் இழுவி, குழிக்குள் காய்ந்துபோனது. தப்பு என்னுடையதுதான், போன பொங்கலுக்கு நான் போட்ட பாலிஷ். பையன் அவனுடைய பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு வந்து நோட்டில் அழிக்கிற மாதிரியே அழித்தான். பாதிக்கு மேல் போய்விட்டது! ரப்பர் துகளோடு மெழுகும் உருண்டு உருண்டு வந்தது. ஒரு முழு ரப்பர் காலி.

மே 7, புதன்

கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பம்பருக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் அச்சில் பொறித்திருக்கிறது: பிபி+இபிடிஎம்-டி20. பாலிபுரொப்பிலீன், அதோடு கொஞ்சம் ரப்பர், நூற்றுக்கு இருபது டால்க். முகப் பவுடரில் போடுகிற அதே டால்க்தான். கருப்புக்குக் கார்பன் பிளாக், அதாவது நல்ல கரி.

பாலிபுரொப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் மூவிணைய கார்பன், அதாவது வேறு மூன்று கார்பன்களோடு இணைந்தது. அதில் இருக்கிற ஒற்றை ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுகொள்ளும். புற ஊதாக் கதிர் பட்டுத் தனி உறுப்பு (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கிற துண்டு) உண்டாகி, ஆக்சிஜன் வந்து ஒட்டி, கடைசியில் சங்கிலி அறுகிறது. ப்ளஸ் டூவில் பலபடி (பாலிமர்) நடத்தும்போது இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு அழித்துவிடுகிறேன். வாசலில் நிற்கிற வண்டியை ஒருநாளும் காட்டியதில்லை.

சங்கிலி அறுந்த மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள். அந்த வெடிப்புகளில் வெளிச்சம் சிதறுவதால்தான் சாம்பல் நிறம். உள்ளே கரி அப்படியே இருக்கிறது. தண்ணீர் வெடிப்பை நிரப்பினால் சிதறல் குறைந்து கருப்பு தெரிகிறது, காய்ந்ததும் போய்விடுகிறது. எண்ணெய் செய்கிற வேலையும் இதேதான், தண்ணீரைவிடக் கொஞ்சம் மெதுவாகக் காய்கிறது, அவ்வளவுதான்.

மே 10, சனி

இதை அப்பாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் வண்டி முழுக்கத் தேங்காய் எண்ணெய்.

"தலைக்குத் தேய்ச்சா நரை மறையாதா? அதே கணக்குதாம்மா."

சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். எந்த பாலிஷ் என்று கேட்டவருக்கு அப்பா பதில் சொல்லவில்லை, தொழில் ரகசியமாம்.

மே 14, புதன்

கொடைக்கானல் போய்விட்டு வந்தோம். இ-பாஸ் எடுத்து, வத்தலகுண்டு வழியாக மலை ஏறி, ஒரு ராத்திரி தங்கல். விடியற்காலையில் டீ குடிக்க வெளியே வந்த பையன் கத்தினான்: "அம்மா, வண்டி முழுக்க பூஞ்சை!"

பூஞ்சை இல்லை. தாத்தாவின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தூத்துக்குடி வெயிலில் தெரியாத விஷயம் கொடைக்கானல் குளிரில் தெரிந்துவிட்டது. குழிக்குழி எல்லாம் வெள்ளை வெள்ளையாக, மார்கழியில் பாட்டிலில் உறைந்து நிற்குமே, அந்த மாதிரி. போதாக்குறைக்கு ரோடு முழுக்க இருந்த தூசியும் அதில் ஒட்டி மாவு பிசைந்த கதை. அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏரியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உருகிவிட்டது. ஆனால் தூசி போகவில்லை.

மே 17, சனி

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வாட்டர் வாஷ் கடைக்கு விட்டேன். ஃபோம் அடித்து முடித்ததும் கடைத் தம்பி ஒரு கேனோடு வந்தான்.

"டீசல் தொட்டு ஒரு துடை துடைச்சு விட்டுருதேன்க்கா. ஷோரூம் மாதிரி ஆயிரும்."

"வேண்டாம்பா. கதவு ரப்பர் ஊதிப்போகும்."

நம்பாத மாதிரி பார்த்தான். பாதி ஒர்க்‌ஷாப்புகளில் இதுதான் வழக்கம். டீசலும் மண்ணெண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக் அப்போதைக்கு மினுங்கும். ஆனால் கதவைச் சுற்றி இருக்கிற இபிடிஎம் ரப்பர் பீடிங்குக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது. உப்பி, தளர்ந்து, மழைக்கு ஒழுகும்.

"அப்ப பிளாஸ்டிக்குக்கு டயர் பாலிஷாவது போடட்டா?" என்றான். முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்தது, சரி என்றேன்.

மே 20, செவ்வாய்

அந்தப் பாவம் பார்த்திருக்கக் கூடாது. சிலிக்கோன் எண்ணெய்தான் அது. கையில் ஒட்டுகிறது, பையனின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருக்கிறது, சக்கரத்துக்கு மேலே கதவு பெயின்டில் கீற்றுக் கீற்றாக வழிந்திருக்கிறது. எனக்கு இந்த ஈரப் பளபளப்பே பிடிக்கவில்லை என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. ஃபேக்டரியிலிருந்து வரும்போது இந்தப் பிளாஸ்டிக் பளபளத்ததே இல்லை. கருப்பாக இருந்தது. நான் கேட்பதும் அதுதான், மினுக்கல் இல்லாத கருப்பு.

மே 24, சனி

இன்றைக்குப் பெரிய நாள். சித்தப்பா மகன் எலக்ட்ரீஷியன். அவனுடைய 1800 வாட் ஹீட் கன்னை, அதாவது சுடுகாற்று ஊதுகிற கருவியை, கொண்டுவந்தான். கூடவே, "அக்கா, எரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்ற உத்தரவாதமும்.

முதலில் பிளாஸ்டிக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்தேன். சிலிக்கோனோ எண்ணெயோ மிச்சம் இருந்தால் சூட்டில் புகையும். பெயின்ட் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப், அதுவே ஒரு மணி நேரம். முதல் சோதனை பின்பக்க பம்பரின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில்.

ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இஸ்திரி போடுகிற மாதிரி நிற்காமல் நகர்த்த வேண்டும். முதல் மூன்று நான்கு வினாடி ஒன்றும் இல்லை. அப்புறம் சாம்பலுக்கு நடுவில் ஒரு கருப்புப் புள்ளி கிளம்பியது. கன் போகிற பக்கமெல்லாம் அந்தக் கருப்பு, தரையில் தண்ணீர் கொட்டினால் பரவுமே, அப்படிக் கூடவே ஓடி வந்தது. பையன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. நானும்தான். சூட்டில் மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. மேலே எதையும் பூசாமல் வந்த கருப்பு என்பதால் துணியில் ஒட்டவில்லை.

பேராசைதான் கெடுத்தது. இடது முன் சக்கரப் பட்டையில் ஒரு பிடிவாதமான திட்டு. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டினால் உருகும், கன்னிலிருந்து வருகிற காற்றோ அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சொரசொரப்பு கரைந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

வைப்பர் அடித் தட்டைத் தொடவில்லை. முன் கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது, சூடு பட்டால் விரிசல் விடும். பின்னால் பார்க்கிங் சென்சார் இருக்கிற இடத்தையும் விட்டுவிட்டோம்.

ஜூன் 1, ஞாயிறு

ஹீட் கன் கருப்பு நாலைந்து மாதம்தான் நிற்கும் என்கிறார்கள். வெயில் அதே வெயில்தானே. இரண்டாவது, மூன்றாவது தடவை சூடு காட்டினால் முதல் தடவை மாதிரி வராது என்றும் சொல்கிறார்கள். அதனால் இன்றைக்கு மேலே கோட்டிங்.

பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற செராமிக் கோட்டிங், 30 மில்லி குப்பி. பார்த்தால் காது மருந்து மாதிரி இருக்கிறது, விலையைக் கேட்டால் அது ஆயுர்வேதத் தைலம். விடியும் முன்னால் நிழலில், பிளாஸ்டிக் தொட்டால் சில்லென்று இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். கையுறை போட்டு, ஸ்பாஞ்சில் ஐந்தாறு சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் அங்கங்கே திட்டுத்திட்டாகக் காய்ந்து நிற்கும். பின்கதவுக்குக் கீழே ஒரு இடத்தில் அப்படித்தான் நிற்கிறது, போன் வந்துவிட்டது.

வைப்பர் தட்டுக்குக் கோட்டிங் மட்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. அப்பாவிடமிருந்து எண்ணெய் பாட்டிலை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

எட்டு வாரம் ஆகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. ஆடிக் காற்றில் மண் வாரி அடிக்கிறது. நேற்று பனிமய மாதா கோயில் கொடியேற்றம், வண்டியைக் கடற்கரைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து போனோம். திரும்பி வந்தபோது வண்டி மேல் உப்பும் மண்ணுமாக ஒரு போர்வை.

இன்றைக்கு வெறும் ஷாம்பு தண்ணீரில் கழுவினேன். மண் வழுக்கிக்கொண்டு போனது. பல் பிரஷ் தேவைப்படவில்லை. துடைத்த வெள்ளைத் துணி பழுப்பாக வந்தது, கருப்பு வரவில்லை. எனக்கு அந்தத் துணிதான் ரிசல்ட் ஷீட்.

பெயின்டுக்கு மெழுகு போடும்போது இனிமேல் பிளாஸ்டிக் ஓரத்தில் டேப் ஒட்டாமல் தொடுவதில்லை. மாதம் ஒரு தடவை, பால் மாதிரி இருக்கிற தண்ணீர்வகை டிரெஸ்ஸிங் ஒன்றை மெல்லிசாகத் துடைத்துவிடுகிறேன். காய்ந்தால் கையில் ஒட்டாது, மினுக்காது.

மேற்குப் பக்கம் ஒரு பச்சை நிழல்வலையும் கட்டியாகிவிட்டது. கோட்டிங் குப்பியைவிட மலிவு. உண்மையைச் சொன்னால் 2013-லேயே யாராவது அதைக் கட்டியிருந்தால் இந்த நாட்குறிப்பே இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் ஆயிற்று. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு பம்பரை நோக்கிப் போவதைப் பார்த்து நான் ஓடினேன்.

"அப்பா, பிளாஸ்டிக்ல வேண்டாம். குழிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். கண்ணாடியில வையுங்க."

"சாமி காரியத்துல குறுக்க வராத."

நாலு பக்கமும் மூன்று மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம்.

அக்டோபர் 4, சனி

சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. கோட்டிங் திட்டாக நின்ற அந்தப் பின்கதவுப் பட்டையில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு கறை. ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததில் கொஞ்சம் குறைந்தது. பையன் புது ரப்பர் கேட்கிறான், பள்ளிக்கூடத்துக்கு இல்லையாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. ராத்திரி நல்ல மழை. காலையில் குடையோடு போய்ப் பார்த்தேன். பட்டை முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அந்த ஒரு ரூபாய்க் காசு இடத்தில் மட்டும் முத்து நிற்காமல் வழிந்து இறங்கியது. அன்றைக்கு வழவழப்பில் கோட்டிங்கை ஒற்றி எடுக்கும்போது அங்கே முழுசாகவே வந்துவிட்டது போல.

பால் அண்ணாச்சி வந்தார். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், விரலையும் பார்த்தார்.

"டை அடிச்சிட்டியளா டீச்சர்?"

உள்ளேயிருந்து அப்பா குரல்: "எண்ணெய் அண்ணாச்சி! தேங்கா எண்ணெய்!"