எடை, மரபு, அப்பாவின் பைபாஸ்

கடலூர் முதுநகரில் வசிக்கும் என் அப்பாவுக்கு மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பது ஆஞ்சியோகிராமில் தெரிந்து, புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, வீட்டில் அனைவரையும் வாட்டியது அவருடைய எடைதான். பெரியப்பா, அத்தைகள் எல்லோருமே பருத்த உடல்வாகு கொண்டவர்கள் என்பதால், இது பரம்பரை, ஒன்றும் செய்வதற்கில்லை என்றனர் சிலர். பட்டினி கிடந்தாவது இளைத்துவிட வேண்டும் என்றனர் வேறு சிலர்.

மருத்துவர் இரண்டையும் ஏற்கவில்லை. அவசரமாக இளைத்தால் தசையும் புரதமும் குறைந்து புண் ஆறுவது தாமதமாகும் என்பதால், முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் குறைக்காமல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மூச்சை இழுத்துப் பந்துகளை உயர்த்தும் மூன்று பந்துக் கருவியை வைத்து மூச்சுப் பயிற்சி செய்யுமாறு சொன்னார். எடையைவிட இடுப்புச் சுற்றளவையே அவர் அதிகம் பொருட்படுத்தினார். இந்திய ஆண்களுக்கு அது 90 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வயிற்றுக் கொழுப்பு, உடலில் அழற்சியை, அதாவது வீக்கம் போன்ற தற்காப்பு எதிர்வினையைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அறுவையின்போது இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் ஓடும்போது அழற்சி மரபணுக்கள் மேலும் தூண்டப்படுகின்றன.

பரம்பரையைப் பற்றி நானே தேடிப் படித்தேன். உடல் பருமனோடு தொடர்புள்ளதாக 2007இல் அறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு வேறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 கிலோ மட்டுமே கூடுதல் எடை கொண்டிருந்தனர். அந்த வேறுபாடு எந்தப் புரதத்தையும் சிதைப்பதில்லை, தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டுகிறது என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 'விதி' என்று அதுவரை சொல்லப்பட்டது இவ்வளவுதானா என்று எனக்குப் பெரும் தெம்பு வந்தது.

பைபாஸில், அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல உடலின் வேறு இடத்து இரத்தக் குழாய்களைக் கொண்டு மாற்றுவழி அமைப்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் பருமனும் சேர்ந்திருந்ததால், இதற்காக மார்பின் உட்புறத் தமனிகள் இரண்டையும் எடுத்தால் மார்பெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து தொற்று ஏற்படலாம் என்று கருதி, இடப்பக்கத் தமனியை மட்டும் எடுத்து, மற்ற அடைப்புகளுக்குக் கால் சிரையைப் பயன்படுத்தினார்கள். அறுவைக்குப் பிறகு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கு தவறியபோது நாங்கள் கலங்கிப்போனோம். பருமனானவர்களுக்கு இது சற்று அதிகமாகவே நேரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், மருந்திலேயே சரியாகிவிட்டது.

வீடு திரும்பும்போது, தையலில் கசிவோ, காய்ச்சலோ, இருமும்போது மார்பெலும்பு அசைவதுபோன்ற உணர்வோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை; சிரை எடுத்த காலில் வீக்கம் மட்டும் சில வாரங்கள் நீடித்தது.